அறுபத்தோராம் பக்கத்துப் பதக்கம்

நகைப் புத்தகத்தின் அறுபத்தோராம் பக்கத்துப் படத்தில் ஃபெத்தாவின் மார்பில் இருந்த வெள்ளிப் பதக்கம், புத்தகம் அச்சாகி வந்த அடுத்த குளிர்காலத்தில் மேலே ஏறத் தொடங்கியது. முதலில் கவனித்தவர் இகில் ஊஃபெல்லா கிராமத்துக் காபிக்கடைக்காரர். கடையில் ஒரு பிரதி டோமினோ கட்டைகளோடு சேர்ந்து கிடக்கும். அத்திப்பழம் தின்ற கையோடு யாராவது எடுத்துப் புரட்டுவார்கள். உடுப்பின் மஞ்சள் பட்டைக்குக் கீழே இருந்த பதக்கம் பட்டைக்கு மேலே வந்திருந்தது. மை இழுத்திருக்கும் என்று நினைத்து ஈரத்துணியால் துடைத்தார், போகவில்லை. பள்ளிக்கூடத்துப் பிரதியை வாங்கிப் பார்த்தார்கள், அதிலும் அப்படித்தான். அல்ஜியர்ஸில் இருந்த உறவுக்காரர்கள் தங்கள் பிரதியிலும் ஏறியிருப்பதாகச் சொல்லி அனுப்பினார்கள். ஃப்ரான்ஸுக்குப் போன பிரதிகளில் மட்டும் சற்றுத் தாமதமாக ஏறியது. அங்கே நம்முடையது எதுவும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊர் அதிர்ந்ததற்குக் காரணம் பதக்கம் ஏறியதல்ல, அது போன திசை. அல்ஜீரியாவின் அத் யென்னி மலையில் ஒரு பெண்ணுக்கு ஆண் குழந்தை பிறந்தால், புருஷன் அவளுக்கு ஒரு வட்டப் பதக்கம் செய்யச் சொல்வான். அந்த வீட்டில் ஏற்கெனவே ஆண் பெற்ற மூத்த பெண் யாரோ, அவள்தான் அதைத் தலைத்துணியோடு சேர்த்துத் தாயின் நெற்றியில் குத்திவிடுவாள். பெண் குழந்தை பிறந்தாலும் பதக்கம் உண்டு. அதில் கஞ்சத்தனம் கிடையாது. ஆனால் அது மார்போடு நின்றுவிடும். கல்யாண வீட்டில் எதிர்ச்சாரியில் நின்றபடியே எவள் எதைப் பெற்றாள் என்று சொல்லிவிடலாம். ஃபெத்தா பெற்றது நுவாரா என்ற ஒரே பெண். அதற்குப் பிறகு அவளுக்குக் குழந்தை தங்கவில்லை. மார்பில் குத்தியது மார்பிலேயே இருந்தது.

அதில் இன்னொரு கொடுமை, அவள் புருஷன் மொக்ரான்தான் மலையிலேயே பெரிய பதக்கக்காரர். ஆண் பிறந்த செய்தி கேட்டவன் பெண்டாட்டியைப் போய்ப் பார்ப்பதற்கு முன்னால் மொக்ரானின் பட்டறைக்குத்தான் ஓடிவருவான். வெள்ளித் தகட்டில் இழை இழையாகக் கம்பி ஒட்டி, சின்னச் சின்ன அறைகள் கட்டி, அந்த அறைகளில் நீலமும் பச்சையும் மஞ்சளுமாய்க் கண்ணாடிப் பொடியை இட்டு நெருப்பில் உருக்கி, நடுவில் பவழம் பதித்து அவர் கொடுப்பார். அவர் கையால் நெற்றி ஏறிய பதக்கங்கள் ஊர் ஊராக இருந்தன, அவர் வீட்டில்தான் ஒன்றும் இல்லை. இரண்டாம் கல்யாணம் பண்ணு என்று சொந்தக்காரர்கள் அரித்து எடுத்தபோது, “இருக்கிறவளையே இன்னும் முழுசாப் பாத்து முடிக்கல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நல்ல மனுஷர். நல்ல மனுஷர்களுக்கும் சில கதவுகளைச் சாத்தத்தான் தெரியும், திறக்கத் தெரியாது.

மலை வழக்கப்படி வீடோ பட்டறையோ பெண்ணுக்குப் போகாது. மொக்ரானுக்குப் பிறகு எல்லாம் இறந்துபோன அண்ணனின் மகன் அர்ஸ்கிக்கு. வேலையையும் பெண்ணுக்குச் சொல்லித் தரக்கூடாது, கட்டிக்கொடுத்தால் ரகசியம் அவளோடு அடுத்த ஊருக்குப் போய்விடும். அதனால் நுவாரா தேநீர் கொண்டுவந்தால் வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். அவள் காலடிச் சத்தம் கேட்டதும் மொக்ரான் உள்ளிருந்து கதவைச் சாத்திவிடுவார். ஃபெத்தா அடுப்படியிலிருந்து அந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டாள். தன் நெற்றியைப் பற்றி அவளுக்குப் பெரிய கவலையில்லை. அது பழகிப்போன வெறுமை. தன் பெண் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி வாசலில் நிற்பதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தாங்கள் போன பிறகு அந்தப் படியில்கூட அவளுக்கு இடமிருக்காது என்பதும் அவளுக்குத் தெரியும்.

இந்த நேரத்தில்தான் அல்ஜியர்ஸிலிருந்து வஹீபா என்ற படித்த பெண் காமிராவும் டேப் ரெக்கார்டருமாக வந்து இறங்கினாள். மலை நகைகளைப் பற்றிப் புத்தகம் எழுதப் போகிறாளாம். விருந்தாளி விருந்தாளிதான். மொக்ரான் அவளைக் கனலடுப்புக்குப் பக்கத்திலேயே ஆட்டுத்தோல் விரித்து உட்காரவைத்தார். கம்பி இழுப்பது, வெங்காரம் தடவுவது, ஊதுகுழலை எந்தச் சாய்வில் பிடிப்பது, எந்த நிறத்துக்கு எவ்வளவு சூடு என்று ஒரு இலையுதிர்காலம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்பன்மார் காலத்திலிருந்து வெளியே போகாத விஷயமாயிற்றே என்று ஊர்ச்சபைத் தலைவர் தா பெலய்த் வந்து கேட்டார். (மூத்த ஆணுக்கு ‘தா’, மூத்த பெண்ணுக்கு ‘நா’ என்பது மலை மரியாதை.)

“அவ அவ பாஷையில எழுதுறா, தா பெலய்த்,” என்றார் மொக்ரான். “அது அல்ஜியர்ஸ்ல போய் ஏதாவது அலமாரியில ஏறி உக்காந்துக்கும். நம்ம மலைக்கு என்ன சேதாரம்?”

மொக்ரானுக்குப் படிக்கத் தெரியாது. தன் வீட்டுப் பெண் கீழ்ப் பள்ளிக்கூடத்தில் ஃப்ரெஞ்சில் முதல் ஆளாக வருகிறாள் என்பது தெரியும், அதைக் காபிக்கடையில் பெருமையாகச் சொல்லவும் செய்வார். இந்த இரண்டு விஷயங்களும் அவர் தலைக்குள் ஒன்றையொன்று சந்திக்கவேயில்லை. மகள் முகத்தில் கதவைச் சாத்திவிட்டு, மகள் படிக்கப்போகிற புத்தகத்தின் காதில் எல்லாவற்றையும் ஓதுவது என்கிற தப்பை இகில் ஊஃபெல்லா ஆண்பிள்ளைகளைத் தவிர யாராலும் செய்ய முடியாது.

படமெடுக்கும் நாளில் மொக்ரானின் அண்ணி நா ஷபா விடிந்ததும் விடியாததுமாகப் பட்டுத் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்து நின்றாள். அர்ஸ்கியைப் பெற்றவள், அவன் பிறந்தபோது மொக்ரான் செய்த பதக்கம் அவள் நெற்றியில் மின்னியது. அவளுக்கு அறுபதாம் பக்கம் கிடைத்தது. மார்பில் குத்துவதற்கும் ஒரு படம் வேண்டும் என்று வஹீபா சொன்னதால் ஃபெத்தாவுக்கு எதிர்ப்பக்கம். புத்தகத்தில் ஓரகத்திகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். அச்சாகி வந்ததும் நா ஷபா அதைப் பார்த்துவிட்டு, “புத்தகத்த மூடினா அவ மூஞ்சி என் மூஞ்சி மேல வந்து படுமே! வேற பக்கமே கிடைக்கலியா?” என்று கேட்டாள். வஹீபா அதற்குள் பஸ் ஏறிப் போயிருந்தாள்.

மொக்ரானுக்கு ஒரு பிரதி பார்சலில் வந்தது. நுவாராவை உட்காரவைத்துப் படிக்கச் சொன்னார். தான் சொன்ன வார்த்தைகள் திரும்பி வருவதைக் கேட்க அவருக்கு முதலில் ஆனந்தம் தாங்கவில்லை; “ஆமா, சொன்னேன், அப்படியேதான் சொன்னேன்” என்று தொடையில் தட்டிக்கொண்டிருந்தார். பற்றவைக்கிற பக்கம் வந்தது, பிறகு பொடி அரைக்கிற பக்கம் வந்தது. அவருடைய கை தொடையிலேயே நின்றுவிட்டது. மகளைப் பார்த்தார். மகள் தலை நிமிராமல் படித்துக்கொண்டே போனாள். புத்தகத்தைப் பிடுங்கி அலமாரி மேலே போட்டார். ஆனால் பள்ளிக்கூடத்தில் ஒரு பிரதி இருந்தது. அதை இரவல் வாங்கிவந்து, அடுப்படிக்குப் பின்னால் உடைந்த மண்சட்டியில் கரி போட்டு, ஃபெத்தாவின் ஒற்றைக் காதணியை உருக்கி நுவாரா முதல் கம்பியை இழுத்த வாரத்தில்தான் அறுபத்தோராம் பக்கத்துப் பதக்கம் மஞ்சள் பட்டையைத் தாண்டியது.

பதக்கம் கழுத்துக்கு வந்ததும் ஊர்ச்சபை கூடியது. ஆண் பெறாத ஒருத்தியின் பதக்கம் நெற்றியை நோக்கிப் போவது வழக்கத்துக்கு விரோதம் என்று ஏகமனதாக முடிவாயிற்று. ஊரில் இருந்த மூன்று பிரதிகளையும் வாங்கி அந்தப் படத்தின் மேல் கெட்டிக் காகிதம் ஒட்டினார்கள். காகிதம் முதலில் உப்பியது, பிறகு பதக்கத்தின் அளவுக்கு வட்டமாகக் கிழிந்தது. இன்னும் கெட்டியாக ஒட்டினார்கள், அதுவும் கிழிந்தது. கடைசியில், சொல்லிக் கேட்காத புத்தகத்தை எழுதினவளிடமே கேட்டு வா என்று மொக்ரானை அல்ஜியர்ஸுக்கு அனுப்பினார்கள். வஹீபா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தாள்.

“நான் மார்புலதான் எடுத்தேன், தா மொக்ரான். ஏறுறது என் கையில இல்ல. அச்சகத்துலயும் கேட்டுட்டேன். அவங்க மைக்கு அவ்வளவு சக்தியெல்லாம் கிடையாதாம்.”

திரும்பும்போது நுவாராவுக்கு என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். படிக்கிற பெண்ணுக்கு ஏதோ இனிப்பு போலிருக்கிறது என்று மொக்ரான் அதைத் தன் மடியிலேயே வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். அதில் இருந்தவை, நுவாரா கடிதம் எழுதிக் கேட்டிருந்த நீலக் கண்ணாடிக் கட்டிகள்.

அந்த நீலம் நுவாராவைப் படாத பாடு படுத்தியது. பச்சை வந்தது, மஞ்சள் வந்தது. நீலம் மட்டும் மோர் கலந்தாற்போல் மங்கிப் போயிற்று. ‘பொடியைத் தண்ணீரில் பலமுறை கழுவவும்’ என்று புத்தகம் சொன்னது. அவளும் ஊற்றுத் தண்ணீரில் கை விறைக்க விறைக்கக் கழுவினாள். மொக்ரான் எவ்வளவு வெள்ளந்தியாக இருந்தாலும் பதக்கக்காரர்தானே, விருந்தாளிக்கு எல்லாவற்றையும் பரிமாறிவிட்டு ஒன்றை மட்டும் விழுங்கியிருந்தார்.

அதற்குள் படத்தில் பதக்கம் முகவாயைத் தாண்டி ஃபெத்தாவின் வாயை மூடிவிட்டது. அன்றிலிருந்து ஃபெத்தா பேசினால் வார்த்தை வரவில்லை, வெள்ளிச் சத்தம்தான் வந்தது. கோபத்தில் கனத்த கொலுசுபோலவும், சும்மா பேசினால் தோட்டுச் சங்கிலிபோலவும் கேட்கும். ஊற்றடியில் பெண்கள் இரண்டு நாள் ஆச்சரியப்பட்டார்கள். மூன்றாம் நாள் வழக்கம்போல் அவளிடம் மாவு விலை கேட்டார்கள். நா ஷபா மட்டும் விடவில்லை.

“வாயத் தொறந்தா வெள்ளியாக் கொட்டுது! இனிமே இவ புருஷன் எதுக்குடி பட்டறையில வேகணும்? பொண்டாட்டி முன்னாடி ஒரு கூடைய வெச்சாப் போதாதா?”

ஃபெத்தா குடத்தைக் கீழே வைத்துவிட்டு நிதானமாக ஒரு பதில் சொன்னாள். நீளமான, ஏற்ற இறக்கமான கலகலப்பு. அதில் ஒரு சொல்லும் இல்லை, ஆனால் எல்லாருக்கும் புரிந்தது. பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நா ஷபாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். பாதிக் குடத்தோடு கிளம்பிப் போனாள்.

நுவாரா மங்கிப்போன நீலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அழுத ஒரு மத்தியானம், ஃபெத்தா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கிண்கிண் என்றது. சலித்துப்போய் மகளின் மணிக்கட்டைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே தரையில் பாதி புதைத்த ஒரு சாடி இருந்தது, அதில் பனி உருகிய தண்ணீர். ஒவ்வொரு குளிர்காலமும் ஜுர்ஜுரா மலைப் பனியை மிதிபடாத இடத்திலிருந்து அள்ளிவந்து அவள்தான் நிரப்புவாள். ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு உண்டு, அது நீலத்தைக் கெடுக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மொக்ரானின் நீலத்தை அரைத்ததும் கழுவியதும் அவள்தான். அதை அவளிடமிருந்து மறைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பாத்திரம் கழுவுவதோடு சேர்த்தே அது எண்ணப்பட்டிருந்தது.

பனித்தண்ணீரில் கழுவிய நீலம் கண்ணாடியாய் நின்றது, அடியில் இருந்த வெள்ளி தெரிந்தது. நுவாரா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டுச் சிரித்தாள். அந்த வாரமே பதக்கம் மேலுதட்டைத் தாண்டி மூக்குக்குப் போயிற்று. ஃபெத்தாவுக்குப் பேச்சு திரும்பியது. ஊரே என்ன சொல்லப்போகிறாள் என்று காத்திருக்க, அவள் கோதுமை ரவைக் கூஸ்கூஸை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “உப்பு பத்தல” என்றாள்.

பதக்கம் கண்களைக் கடந்த நாட்களில் அவளுக்கு உலகம் நீலமும் பச்சையுமாகத் துண்டு துண்டாகத் தெரிந்தது. சரிவான பாதைகளைத் தவிர்த்தாள், மற்றபடி குறை சொல்லவில்லை. பிறகு புருவத்துக்கு வந்து பதக்கம் நின்றுவிட்டது. ஒரு விரற்கடை ஏறினால் நெற்றி. அந்த விரற்கடையை அது ஏறவேயில்லை. வருஷங்கள் போயின. நுவாரா அடுப்படிச் சட்டியில் செய்த காதணிகளை டிஸி ஊஸூ சந்தையில் யார் செய்தது என்று தெரியாமலே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், கரியடுப்பு வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்று கேட்டாள். அவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள். காபிக்கடையில் முதலில் ஏறும் ஏறாது என்று பந்தயம் கட்டினார்கள், அப்புறம் அலுத்துப்போய் மறுபடி டோமினோவுக்கே திரும்பினார்கள்.

ஆயுசு முழுக்க நெருப்பைப் பார்த்த மொக்ரானின் கண்களில் திரை விழுந்தது. கம்பிக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருநாள் தன் விரலையே குறட்டால் நெருக்கினார். அன்றே ஊற்றடியில் பேச்சு பரவியது. சபை கூடி, திராட்சை அறுவடை வரை அர்ஸ்கி பட்டறையை நடத்திப் பார்க்கட்டும், அதற்குப் பிறகு சாவியை அவன் பேருக்கே கொடுத்துவிடலாம் என்று முடிவுசெய்தது. சாவியை வாங்கிப் போக ஆள் வந்தபோது ஃபெத்தா புருஷனுக்கு முன்னால் போய் நின்றாள்.

“இத்தன வருஷம் கதவ அவ மூஞ்சியில சாத்துனீங்க. நான் வாய மூடிட்டு இருந்தேன். இப்ப சாவியையும் தூக்கிக் குடுத்துட்டா, நாளைக்கு நீங்களும் நானும் மண்ணுக்குள்ள போனப்புறம் அவ எங்க போவா? சொல்லுங்க. உங்களுக்குக் கண்ணுதான் போச்சு, மனசுமா போச்சு?”

“எனக்கு மட்டும் ஆசையா ஃபெத்தா... ஊரு சொல்லுதே” என்று முனகிவிட்டு மொக்ரான் சாவியை நீட்டினார். அவர் கன்னத்தில் தண்ணீர் ஓடியதை ஃபெத்தா பார்த்தாள். இரக்கமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. உள்ளே போய் மாவு பிசைந்தாள்.

அர்ஸ்கி கெட்டவன் இல்லை. அவனுக்கு ஃப்ரான்ஸில், மார்ஸேயில் ஒரு சிநேகிதன் இருந்தான். அவனோடு கூட்டாகக் காபிக்கடை போட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஒரே கனவு. அம்மாவிடம் சொல்லத் தைரியமில்லாமல் பட்டறையில் உட்கார்ந்திருந்தான். முதல் வேலையாக நா ஷபா தன் பதக்கத்தையே கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு கல்யாணத்தில் ஆடும்போது நெற்றியிலிருந்து விழுந்து நீலம் பெயர்ந்திருந்தது. “உனக்காகப் போட்டது, உன் கையாலயே சரியாகட்டும்” என்றாள். அர்ஸ்கி நீலத்தை இட்டுக் கனலில் வைத்தான், ஊதினான், இன்னும் கொஞ்சம் ஊதினான். நிறம் கருகியது, கம்பிகள் சரிந்தன, வெள்ளியே ஒரு பக்கம் வழிந்தது. தான் பிறந்ததற்குச் சாட்சியாக இருந்த பதக்கத்தைத் தானே எரித்துவிட்டான். நா ஷபா அதைப் பார்த்ததும் கத்தவில்லை. பட்டறை வாசற்படியில், நுவாரா தேநீர் வைக்கிற அதே இடத்தில், பொத்தென்று உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதாள். எல்லார் மேலும் வாய் நீளும் நா ஷபாவை அப்படிப் பார்த்ததில்லை என்பதால் தெருவில் போனவர்கள் வேறு பாதையில் போனார்கள்.

மறுநாள் அர்ஸ்கி அதை மேலங்கிக்குள் மறைத்துக்கொண்டு சித்தப்பா வீட்டு அடுப்படிக்கு வந்தான்.

“நுவாரா, எப்படியாவது பண்ணு. எங்கம்மா மூஞ்சிய என்னால பாக்க முடியல. சாவிய வேணும்னாலும் எடுத்துக்கோ, அது என் இடுப்புல பாறாங்கல்லா கனக்குது.”

“சாவி உன்னோடது இல்ல குடுக்கிறதுக்கு,” என்றாள் நுவாரா. “பதக்கத்த வெச்சிட்டுப் போ.”

பவழத்தைக் கழற்றினாள். கருகியதைச் சுரண்டினாள். சரிந்த தகட்டைத் தட்டி நிமிர்த்தினாள். கம்பி அறைகளைப் புதிதாகக் கட்டினாள். ஃபெத்தா சாடியின் அடியில் மிச்சமிருந்த பனித்தண்ணீரில் நீலத்தைக் கழுவிக் கொடுத்தாள். அது கனலில் இருந்த நேரம் முழுக்க இரண்டு பேரும் மூச்சுவிட்டார்களா என்பது அவர்களுக்கே தெரியாது. வெளியே எடுத்து ஆறவைத்தபோது, மொக்ரான் வாலிபத்தில் செய்ததைவிட அந்த நீலம் ஒரு படி ஆழமாக இருந்தது.

அர்ஸ்கி அதை அம்மா கையில் வைத்தான். நா ஷபா ஜன்னலருகே போய் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“யாரு செஞ்சா?”

“நுவாரா, யெம்மா.”

“யாரு கழுவுனா?”

“சித்தி.”

நா ஷபா பதக்கத்தைக் குத்திக்கொண்டாள், கண்ணாடியில் பார்த்தாள், கழற்றினாள், மறுபடி குத்திக்கொண்டாள். ஊற்றடியில் தான் பேசியதெல்லாம் ஞாபகம் வந்ததோ என்னவோ, காது சிவந்திருந்தது. பிறகு மகன் பக்கம் திரும்பினாள். “நீ நல்ல புள்ளடா. ஆனா உனக்கு இந்தக் கை இல்ல. நானும் தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்துட்டேன். ஒளிக்காம சொல்லு, உனக்கு எங்க போகணும்?”

“மார்ஸேய்க்கு, யெம்மா.”

“மொதல்லயே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன! என் பதக்கமாவது தப்பிச்சிருக்கும்.”

திராட்சை அறுவடை முடிந்து சபை கூடிய நாளில், ஆண்கள் கல் பெஞ்சுகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மொக்ரான் சுவரில் சாய்ந்திருந்தார். அர்ஸ்கியிடமிருந்து திரும்ப வாங்கிய சாவி தா பெலய்த்தின் மடியில் இருந்தது. வழக்கப்படி அன்று புத்தகமும் கொண்டுவரப்பட்டிருந்தது, பதக்கம் எங்கே இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வது சபையின் வேலைகளில் ஒன்றாகிவிட்டிருந்தது. புருவத்திலேயே இருக்கிறது என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது நா ஷபா உள்ளே வந்தாள். ஒரு கையில் ஃபெத்தாவின் மணிக்கட்டு. ஃபெத்தாவுக்கு எங்கே போகிறோம் என்று சபை வாசல் வரும்வரை தெரியாது. கையில் ஒட்டிய மாவுகூட உதிரவில்லை.

“ஷபா, இது பொம்பளைங்க வர்ற இடமில்ல,” என்றார் தா பெலய்த்.

“தெரியும். அதான் இங்க இத்தன வருஷமா பேச்சு மட்டும் நடக்குது.”

ஃபெத்தாவின் மார்பிலிருந்த பதக்கத்தை அவள் கழற்றினாள். ஃபெத்தா பின்னால் ஒதுங்கினாள். “ஆடாம நில்லுடி, ஊசி குத்திடும்,” என்று அதட்டிவிட்டு, தலைத்துணியை நெற்றிக்கு மேல் இழுத்துச் சரிசெய்து, பதக்கத்தை நடு நெற்றியில் வைத்துக் குத்தினாள். குத்தி முடித்துவிட்டுச் சபையைப் பார்த்துத் திரும்பினாள்.

“இந்த வீட்டுல ஆம்பளப் புள்ள பெத்த மூத்தவ நான். குத்துற உரிம எனக்குத்தான். குத்திட்டேன். எவனுக்காவது கழட்டணும்னு இருந்தா எழுந்து வாங்க, பாக்கலாம்.”

யாரும் எழவில்லை. திறந்திருந்த புத்தகத்திலிருந்து கொக்கி மாட்டுகிறபோது வருமே, அப்படி ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அறுபத்தோராம் பக்கத்தில் பதக்கம் அந்த விரற்கடையை ஏறி நெற்றியில் அமர்ந்திருந்தது. இத்தனை காலமும் அது ஒரு கைக்காகத்தான் காத்திருந்தது என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. தா பெலய்த் பக்கத்தைப் பார்த்தார், ஃபெத்தாவைப் பார்த்தார், மறுபடி பக்கத்தைப் பார்த்தார். வழக்கம் என்றால் வழக்கம் என்று வாழ்ந்த மனுஷர் அவர்.

“நெத்தியில பதக்கம் இருந்தா அந்த வீட்டுக்கு வாரிசு இருக்குன்னு அர்த்தம்,” என்றார் மெதுவாக. “வாரிசு இருக்கிற வீட்டுச் சாவிய நாம எதுக்குய்யா மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம்? கூப்பிடுங்க அந்தப் பொண்ண.”

மொக்ரான் எழுந்து கைகளை நீட்டிக்கொண்டு தடவித் தடவி வந்தார். ஃபெத்தாவின் முகவாய், மூக்கு, புருவம் என்று விரல்கள் ஏறின. நெற்றியில் வெள்ளி தட்டுப்பட்டதும் அங்கேயே நின்றன. “நான் அன்னைக்கே இங்க குத்தச் சொல்லியிருக்கணும்,” என்றார். “செஞ்சவன் நான், எனக்குத் தெரியலியே.” ஃபெத்தா அழுதாள். இத்தனை ஆண்கள் முன்னால் அழுவதா என்று ஒருகணம் தயங்கினாள். பிறகு வெட்கப்படாமல் அழுதாள். நுவாரா வந்து சாவியை வாங்கிக்கொண்டு, யாருக்கும் நன்றி சொல்லாமல் நேரே போய்ப் பட்டறைக் கதவைத் திறந்தாள். அதற்குப் பிறகு பகல் நேரத்தில் அந்தக் கதவு சாத்தப்படவில்லை. மொக்ரான் கனலடுப்புக்குப் பக்கத்தில் ஆட்டுத்தோலில் உட்கார்ந்து, ஊதுகிற சத்தத்தை வைத்தே சூடு போதுமா என்று சொல்லிக்கொண்டிருப்பார். நுவாரா சில சமயம் கேட்பாள்.

அர்ஸ்கி மார்ஸேயில் கடை போட்டான். காபி நன்றாக இருக்கும் என்கிறார்கள். புத்தகம் மறுபதிப்பு வந்தபோது, பதக்கம் குத்தும் வழக்கத்தைப் பற்றிய பத்தியை வஹீபா திருத்தி எழுத வேண்டியிருந்தது. அவள் அதை எழுதி முடிப்பதற்குள்ளாகவே எழுபத்திரண்டாம் பக்கத்திலும் எண்பதாம் பக்கத்திலும் இருந்த, பெண் பெற்ற தாய்மார்களின் பதக்கங்களும் ஏறத் தொடங்கிவிட்டன. வழி பழகிவிட்டதாலோ என்னவோ அவை எங்கும் நிற்கவில்லை. ஆலிவ் பறித்து முடிப்பதற்குள் நெற்றிக்குப் போய்விட்டன. பிறகு படங்களில் மட்டுமல்லாமல் உடுத்தியிருந்த துணியிலும் அப்படியே நடந்தது. ஊசி ஏறிய தடத்தில் நல்ல நல்ல உடுப்புகள் கோடு கோடாகக் கிழிந்ததால் தையற்காரர் சபையில் வந்து முறையிட்டார். அவர் சொல்வதில் நியாயம் இருந்தது. அதனால் இப்போதெல்லாம் இகில் ஊஃபெல்லாவில் பெண் பிறந்தாலும் பதக்கத்தை நேராக நெற்றியிலேயே குத்திவிடுகிறார்கள். எப்படியும் ஏறத்தான் போகிறது, துணி எதற்குக் கிழியணும்?